லெப்ட்டோவர் என்றொரு பதார்த்தம்

ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். எழுதிய பிறகும் குச்சி உரச இடம் மிச்சமிருக்கும். அப்படிப்பட்ட நான் அந்த மொழியின் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாலைந்து மாதம் பெண்டாட்டிக்குச் சோறு போட்டிருக்கிறேன். சொல்லை வைத்துச் சோறு போட்டான் என்றதும் என்னைக் கவிஞன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் தட்டுக் கழுவியவன்.

எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்துப் போய் இரண்டாவது வருஷம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். கிணற்றை எட்டிப் பார்த்தால் சாதாரணமாக நம் மூஞ்சி தெரியும். அந்த வருஷம் பாறைதான் தெரிந்தது. என் மூஞ்சிக்கு அது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாலும், பாறையை நம்பி யாரும் கூலிக்கு ஆள் கூப்பிட மாட்டார்கள். வெங்காயம் போட்டவர்கள் விதையைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. எங்களுக்கோ போடுவதற்கு நிலமும் இல்லை. ஆகவே எங்களுக்கு நட்டமே இல்லை என்று நான் வீட்டில் ஜோக் அடிப்பேன். வீட்டில் சிரிக்க மாட்டார்கள். வீடு என்றால் நானும் அவளும்தான்.

அப்போது அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் கெஸ்ட் ஹவுஸில் சாப்பாடு பரிமாறித் தட்டுக் கழுவ ஆள் வேண்டும், இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று தகவல் வந்தது. அங்கே சமையல் மாஸ்டராக இருந்தவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். நான் பி.யூ.சி. பெயில். இங்கிலீஷில் பெயில் என்று சொல்லிக்கொள்வேன். மற்ற பாடங்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நானும் வலிய போய்ச் சொன்னதில்லை.

மேனேஜர் வடக்கத்திக்காரர். உயரமான, சோகமான மனிதர்.

"யூ நோ இங்கிலீஷ்?" என்றார்.

"யெஸ் சார்."

"வேர் டிட் யூ ஸ்டடி?"

"யெஸ் சார்."

இரண்டாவது பதிலுக்குப் பிறகும் வேலை கொடுத்தார் என்றால் அவருக்கு எவ்வளவு அவசரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே மேசையில் நாலு அதிகாரிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கிளியர் தி லெப்ட்டோவர்ஸ்" என்றார் மேனேஜர். நான் யோசித்தேன். லெப்ட் என்றால் இடது பக்கம். டிரில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஓவர் என்றால் முடிந்தது. ரேடியோவில் கிரிக்கெட் கேட்டிருக்கிறேன். ஆக, இடது பக்கத்து ஆளுக்கு முடிந்தது. நேராகப் போய் இடது கோடியில் உட்கார்ந்திருந்தவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கையில் அரைச் சப்பாத்தியோடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாதவன் பார்வை.

உள்ளே மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"படிச்சவன்னு சொல்லி இட்டாந்தேன் பாரு, என்னையச் சொல்லணும். லெப்ட்டோவர்னா மீந்ததுடா! சட்டியில மீந்தாலும் அதான், தட்டுல மீந்தாலும் அதான். எல்லாத்துக்கும் ஒரே பேருதான் அவனுங்களுக்கு."

"அதெப்படி மாஸ்டர்? சட்டியில மீந்தா மிச்சம். தட்டுல மீந்தா எச்சி. ரெண்டும் ஒண்ணா?"

"அவனுக்கு ஒண்ணு. நமக்கு ரெண்டு. போயி அந்தாளுக்குத் தட்ட குடுத்துட்டு வா, சாபம் விட்டுறப் போறாரு."

அன்றைக்கு அதை ஒரு தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டேன். நமக்கு இரண்டாக இருப்பது இன்னொரு மொழியில் ஒன்றாக இருப்பதால் ஒரு வசதி உண்டு என்று அப்போது தோன்றவில்லை.

அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. ஒன்று நாலாம் மாதத்தில் போனது. இன்னொன்று ஏழு மாதம் இருந்து, செத்துப் பிறந்தது. ஊருக்கு வருகிற நர்சம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளக் காயிதமாட்டம் இருக்கு. பொட்டு ரத்தம் கெடயாது. முட்ட, பாலு, கறி, ஈரல்னு குடுக்கணும். இந்தத் தடவயும் கூழயே ஊத்திக்கிட்டு இருந்தீங்க, புள்ள மட்டுமில்ல, ஆளும் மிஞ்சாது. நான் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சொல்வது அவர் வேலை. கறியும் ஈரலும் என் வேலை. சம்பளம் மாதம் முடிந்துதான் வரும். வந்தாலும் போன வருஷத்து வயிற்றுக் கடனுக்கே அது போதாது.

கெஸ்ட் ஹவுஸில் மீந்ததைப் பின்பக்கக் குழியில் கொட்ட வேண்டும், வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது சட்டம். மாஸ்டர் எனக்கு ஒரு தூக்குவாளியைக் காட்டி, "கொல்லக் கதவு மூணு மணிக்குத் தெறந்திருக்கும். நான் பாக்க மாட்டேன்" என்றார். ஆக, சோறு இருந்தது. வாளி இருந்தது. கொல்லைக் கதவும் இருந்தது. ஒரே இடைஞ்சல் என் பெண்டாட்டி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை சாப்பிட்ட இலையிலேயே பெண்ணை உட்கார வைப்பார்கள். அது வழக்கம். நானும் ஒரு வடையைப் பாதி கடித்து வைத்துவிட்டு, ராஜ்யத்தைத் தானம் கொடுத்தவன் மாதிரி எழுந்தேன். அவள் உட்காரவில்லை.

"எனக்கு வேற எல போடுங்க" என்றாள்.

"அடியே, புருசன் எலடி" என்றாள் அவள் அத்தை.

"புருசன்னா எச்சி இனிக்குமா அத்த?"

பந்தியே சிரித்தது. தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வடையை யார் தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் காரணம் தெரிந்தது. அவள் சிறுவாச்சூர்ப் பக்கம் பிறந்தவள். அவள் அம்மா ஒரு பெரிய வீட்டில் மாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போனார். சாயங்காலம் வீட்டார் சாப்பிட்ட இலைகளில் இருப்பதையெல்லாம் வழித்து ஒரு சட்டியில் போட்டுக் கொல்லைப்புறமாகக் கொடுப்பார்கள். ஒன்பது வயதில் ஒருநாள் அவள் வாயில் போட்ட கவளத்தில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை இருந்தது. யாரோ மென்றது. அப்படியே சட்டியைத் தூக்கி எருக்குழியில் வீசியிருக்கிறாள். அம்மா விளக்குமாற்றால் அடித்திருக்கிறார். இரண்டு நாள் பட்டினி. அன்றோடு சரி. அதற்குப் பிறகு பெற்ற அம்மா கடித்துக் கொடுத்த மாங்காயைக்கூட அவள் தொட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவள் முன்னால் நான் தூக்குவாளியைக் கொண்டுபோய் வைத்தேன். முதல் நாள் அது சட்டியில் மீந்ததுதான். கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு ஏதோ வெள்ளையாகச் செய்திருந்தார் மாஸ்டர்.

"என்னாங்க இது?"

மிச்சம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் புருவம் அதற்குள் பாதி ஏறிவிட்டது. மிச்சம் என்றால் யாருடைய மிச்சம் என்று கேட்பாள். யாருடையது என்றால் எதில் இருந்தது என்று கேட்பாள். என் வாய் அதுவாக வேறு பாதையில் திரும்பியது.

"இதா? இது லெப்ட்டோவர்."

"அப்டின்னா?"

"இங்கிலீஷ் பதார்த்தம். பெரிய பெரிய ஆபீசருங்க திங்கிறது. மாஸ்டர் எனக்குன்னு கொஞ்சம் சேத்துப் போட்டாரு."

"பேரே வாயில நொழய மாட்டேங்குது" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். "உப்பு கம்மி. ஆனா நல்லாருக்கு."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. பொய் சொன்ன வருத்தம் கொஞ்சம்கூட இல்லை. மாஸ்டர் சொன்ன மாதிரி அவனுக்கு எல்லாம் ஒன்றுதானே. நான் ஆங்கிலத்தில் உண்மையைத்தான் சொல்லியிருந்தேன்.

தினமும் வாளி வந்தது. தினமும் உள்ளே இருப்பது மாறியது. அவள் புத்திசாலி. விடுவாளா?

"நேத்து வெள்ளயா இருந்துச்சு. இன்னிக்கு லெப்ட்டோவர் செவப்பா இருக்கே?"

"தக்காளி போட்ட லெப்ட்டோவர்."

"இதுல முட்ட கெடக்கு?"

"இது முட்ட லெப்ட்டோவர். நம்ம ஊர்ல கொழம்புன்னா எத்தன கொழம்பு இருக்கு, அதுமாதிரி."

ஒருநாள் கஸ்டர்டு இருந்தது. இனிப்பு லெப்ட்டோவர் என்றேன். இதில் நான் கைதேர்ந்தவனாகிவிட்டேன். அவள் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமை பேச ஆரம்பித்தாள். ஒரு அக்கா என்னை வழியில் மறித்து, "தம்பி, அந்த லெப்ட்டோவரு எப்படி வக்கிறதுன்னு மாஸ்டரக் கேட்டுச் சொல்லேன்" என்றார். அதற்கு முதலில் நிறைய சமைக்க வேண்டும் அக்கா என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

அவள் நகத்தில் நிறம் வந்தது. நாலாம் மாதம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. ஆறாம் மாதம் அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்து, "இங்க, இங்க" என்றாள். உள்ளே யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கெஸ்ட் ஹவுஸுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. மேனேஜர் சிக்கனம் பிடிக்க ஆரம்பித்தார். சட்டியில் மீந்ததை எல்லாம் மறுநாளைக்கு என்று ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். குழிக்குப் போக வேண்டியது தட்டில் இருப்பது மட்டும்தான்.

முதல் இரண்டு நாள் வெறும் வாளியோடு போனேன். அவள் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுப் படுத்தாள். மூன்றாம் நாள் ஒரு அதிகாரி ஒரே ஒரு கடி கடித்துவிட்டு முழுக் கோழிக்காலை அப்படியே தட்டில் விட்டுப் போயிருந்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். பல் பதிந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. மேல் வரிசையில் ஒரு பல் கோணல். கத்தியை எடுத்து அந்த இடத்தைச் சீவினேன். பிறகு வெந்நீரில் அலசினேன். பிறகு குழம்பில் தோய்த்து வாளியில் போட்டேன்.

"இன்னிக்கு எப்டி இருக்கு?" என்று அவளைக் கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காலு ஒரு பக்கம் சீவினாப்ல இருக்கே?"

"அது ஸ்டைலு. அவங்க அப்படித்தான் வெட்டுவாங்க."

எலும்பு வரைக்கும் தின்றாள். நான் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதில் ஜோக் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கத்தியும் வெந்நீரும் என் வழக்கமான வேலையாகிவிட்டது.

எட்டாவது மாதம் தொடங்கியதும் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். லேடி டாக்டர் நல்ல மாதிரி. சின்ன வயசு. இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"பரவால்லையே, நல்லாத் தேறியிருக்க. என்னம்மா சாப்பிடுற?"

என் பெண்டாட்டி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"லெப்ட்டோவர் டாக்டரம்மா."

"என்னது?"

"லெப்ட்டோவர். எங்க வூட்டுக்காரரு அரியலூர்லேந்து டெய்லி கொண்டாராரு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கடைசியில் இருமினேன். டாக்டர் இருமலுக்கு மருந்து வேண்டுமா என்பது போல என்னைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியாம என்ன? எங்க வீட்லயும் பாதி நாள் லெப்ட்டோவர்தான். டியூட்டி முடிஞ்சு போயி யாரு சமைக்கிறது? நேத்து மீந்தத சூடு பண்ணிச் சாப்பிட வேண்டியதுதான்."

"மீந்ததா?"

"ஆமா. மீந்துபோன சாப்பாடு. அதானே லெப்ட்டோவர்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார் டாக்டர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் வீட்டில் மீந்தது அவருடையது.

அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "போயிட்டு வரேங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். குன்னம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சட்டியிலயா, தட்டுலயா?"

"சட்டியிலதான்."

"வயித்தத் தொட்டுச் சொல்லுங்க."

கையைத் தூக்கினேன். ஒரு சாண் தூரம்தான். கை போகவில்லை. மடியிலேயே விழுந்துவிட்டது.

"சரி" என்றாள்.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அவள் திட்டவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து வாளியைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கூழ் இருந்தால் குடித்தாள். இல்லாவிட்டால் தண்ணீர். பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி வெள்ளைக் காகிதமாகிவிட்டாள். கால் வீங்கியது. அமுக்கினால் குழி விழுந்தது, குழி நிரம்ப நேரமானது. நான் அக்கம்பக்கத்தில் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்று கேட்டுப் பார்த்தேன். அவர்கள் கோழிகளும் மாடுகளும் எங்களை மாதிரியே இருந்தன. மாஸ்டர் தன் வீட்டிலிருந்து இரண்டு நாள் முருங்கைக்கீரை கொண்டுவந்தார். அதை அவள் தின்றாள். கீரையை யாரும் கடித்திருக்க முடியாதல்லவா. மூன்றாம் நாள் மாஸ்டர் வீட்டு மரமும் மொட்டை.

"ஒரு வாய், புள்ளைக்காக" என்று கெஞ்சினேன்.

"புள்ளைக்கும் எச்சியா?" என்றாள். "பொறக்கறதுக்கு மின்னாடியே ஆரம்பிச்சாச்சா?"

ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மேனேஜரிடம் நேராகப் போய், சட்டியில் மீந்ததில் ஒரு கரண்டி எடுத்துப்போக அனுமதி கேட்பது. அனுமதி கிடைத்தால் வயிற்றைத் தொட்டுச் சத்தியம் செய்யலாம்.

இங்கிலீஷில் கேட்க வேண்டும். லெப்ட்டோவர் என்ற சொல்லை என் வாயால் இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆபீஸ் அறையில் செல்லரித்த டிக்‌ஷனரி ஒன்று கிடந்தது. அதில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் போட்டிருந்தது. ரிமெய்ன்ஸ். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை மாதிரி விறைப்பாக, மரியாதையாக இருந்தது. அதை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு மத்தியானம் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார்," என்றேன். "மை ஒய்ஃப்... ரிமெய்ன்ஸ், சார். ஐ டேக் ஹோம். பெர்மிஷன் ப்ளீஸ்."

மேனேஜர் எழுந்து நின்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது பசிக்காக வந்தது. அவருக்கு எப்படித் தெரியும்?

"வென்?" என்றார்.

"டுடே சார். டெய்லி சார்" என்றேன். டெய்லி என்றதை அவர் காதில் வாங்கவில்லை, நல்லவேளை.

என் தோளில் கைவைத்தார். "வெரி சாரி. வெரி, வெரி சாரி. கோ. டேக் தி ஜீப்."

எனக்குத் தலைசுற்றியது. ஒரு வாளிச் சோறு கேட்டால் ஜீப் கொடுக்கிறாரே! வடக்கத்தி ஆட்களைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு. அழுதுகொண்டே கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் டிரைவர் அண்ணன் ஜீப்பைக் கொண்டுவந்து சமையல்கட்டு வாசலில் நிறுத்தினார். பின்னால் புதுக் காடாத்துணி மடித்துக் கிடந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எங்கேந்துப்பா எடுக்கணும்? ஆஸ்பத்திரியா, வூடா?"

"இங்கதாண்ணே. கிச்சன்லேந்து."

"கிச்சன்லயா வச்சிருக்கீங்க?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்குண்ணே. சாவி மேனேஜர்கிட்ட இருக்கு."

டிரைவர் அண்ணன் இரண்டு அடி பின்னால் போனார். கூச்சல் கேட்டு மாஸ்டர் வெளியே வந்தார். ஆளுக்கொரு பக்கம் பேசி, நான் என்ன கேட்டேன், மேனேஜர் என்ன சொன்னார் என்பதெல்லாம் வெளியே வர வர மாஸ்டர் முகம் மாறியது.

"அடப்பாவி. ரிமெய்ன்ஸுன்னா பொணம்டா. போன மாசம் அந்த இன்ஜினியரோட அப்பாவ ரயில்ல ஏத்தி அனுப்புனப்ப அப்படித்தான் சொன்னாங்க. பொண்டாட்டி பொணத்த எடுத்துட்டுப் போறேன்னு பெர்மிஷன் வாங்கியிருக்கடா நீ."

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. காலையில் நான் கிளம்பும்போது அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போயிட்டு வரேன் என்றதற்குப் பதில் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். கோபம்தான் என்று எப்படித் தெரியும்? என் வாயால் சொல்லி, அனுமதியும் வாங்கி, துணியும் வண்டியும் வாசலில் வந்து நிற்கிறது.

"வண்டிய எடுங்கண்ணே" என்றேன்.

மாஸ்டர் உள்ளே ஓடி, மத்தியானம் நான் கழுவாமல் வைத்திருந்த தட்டுகளில் இருந்ததை வாளியில் வழித்துப் போட்டு என் மடியில் வைத்தார். "சட்டி பூட்டிக் கெடக்குடா. இதான் இருக்கு" என்றார். நான் சீவவில்லை, அலசவில்லை. அதற்கெல்லாம் நேரம் எங்கே.

வழியெல்லாம் மேடுபள்ளத்தில் பின்னால் அந்தத் துணி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக் கதவு சாத்தியபடி இருந்தது. அவள் காலையில் படுத்திருந்த அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்து. கூப்பிட்டேன். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வாசலில் ஊர்ப் பிள்ளைகள் ஜீப்பைச் சுற்றிக் கத்துகிற சத்தம்தான் கேட்டது. குனிந்து தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மெதுவா" என்றாள். "என்ன சத்தம் வெளிய? ஜீப்பா?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டிக்‌ஷனரி, ரிமெய்ன்ஸ், துணி, ஃப்ரிட்ஜ் எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உதட்டோரம் கொஞ்சம் இழுபட்டது.

"என்னையப் பொணமாக்கியா சோறு கேட்டீங்க?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"தமிழ்ல கேட்டிருந்தா என்ன? அந்தாளுக்குப் புரியாது. ஆனா நான் சாவாம இருந்திருப்பேன்ல." அதற்குள் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். "காலையிலேந்து இது அசையலங்க."

போன தடவையும் இப்படித்தான் சொன்னாள். இதே வார்த்தை. நான் அவளைத் தூக்கினேன். பிள்ளைத்தாச்சி அவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. டிரைவர் அண்ணன் ஓடிவந்து, "பெரம்பலூருக்கு விட்டுர்றேன், ஏத்து ஏத்து" என்றார். மேனேஜருக்கு நான் சொல்லிக்கிறேன் என்றார். அந்தத் துணியைச் சுருட்டி அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்தோம்.

ஊர் எல்லை தாண்டியதும் அவள் கண் என் மடிக்கு வந்தது.

"வாளியில என்ன?"

"லெப்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"தமிழ்ல சொல்லுங்க."

"சோறு. கோழி இருக்கு."

"என்ன சோறு?"

வாழ்க்கையில் எத்தனையோ பேரை என் வாயால் சிரிக்க வைத்திருக்கிறேன். கண்ட இடத்தில் கண்டதைப் பேசியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் வாளி மூடியை இரண்டு தடவை அழுத்தி மூடினேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்தார்.

"எச்சிச் சோறு" என்றேன்.

"யாருது?"

"ரெண்டு ஆபீசருங்க. மெட்ராஸ்லேந்து வந்தவங்க. தட்டுல இருந்தது. கழுவல."

"கொண்டாங்க."

"வேணாம்மா, ஆஸ்பத்திரில போயி..."

"கொண்டாங்கன்னேன். இத்தன நாளு தெரியாமத் தின்னேன். அது வேற. இப்ப நான் தெரிஞ்சு திங்கிறேன். நீங்க ஊட்ட வேணாம். மொகத்தத் திருப்பவும் வேணாம்."

மூடியைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து, கடித்த இடம் எது என்று திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமாகவே வாயில் வைத்தாள். முதல் வாய் உள்ளே போகவில்லை, தொண்டை தள்ளியது. கண்ணை இறுக்கி மூடி விழுங்கினாள். இரண்டாவது வாய். மூன்றாவது வாய். அதற்குப் பிறகு வேகமாக, ஜீப் குலுங்கியதில் சிந்தியதையும் பொறுக்கி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

பெரம்பலூருக்கு இன்னும் பாதி வழி இருந்தது. அவள் கை சட்டென்று நின்றது. இடது கையை வயிற்றில் வைத்துத் தலையைக் குனிந்தாள்.

"என்ன? ஒதைக்குதா? சொல்லு, ஒதைக்குதா?" என்று கத்தினேன்.

அவள் நிமிரவில்லை. வலது கை மறுபடி வாளிக்குள் போனது.

"சும்மா இருங்க" என்றாள். "நாங்க தின்னுக்கிட்டு இருக்கோம்ல."